முகவரியின் கடைசி வரி

விண்ணப்பப் பாரம் எதுவாக இருந்தாலும், பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அடுத்து நாம் நிரப்புவது முகவரி. அதன் கடைசி வரியில், ஊர்ப்பெயருக்கு முன்னால் ஐந்து எண்கள் நிற்கும். ‘போஸ்கோட்’ என்று நாம் சொல்லும் அஞ்சல் குறியீடு அது. அந்த எண்கள் சொல்லும் செய்தியை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

முதல் இரண்டு எண்கள் வட்டாரத்தைக் காட்டுகின்றன. வடக்கே பெர்லிசில் 01 என்று தொடங்கி, கெடா, பினாங்கு எனத் தெற்கு நோக்கி எண் ஏறுகிறது. பேராக்கிற்கு 30 முதல் 36 வரை. ஜொகூருக்கு 79 முதல் 86 வரை. கடல் கடந்து சபாவையும் சரவாக்கையும் அடையும்போது 98 வரை போய்விடுகிறது. மற்ற மூன்று எண்கள் ஊரைக் காட்டுகின்றன. ஈப்போ 30000, சுங்கை சிப்புட் 31100, தைப்பிங் 34000, பாகான் டத்தோ 36100. நிறையக் கடிதங்கள் வரும் பெரிய நிறுவனங்களுக்குத் தனி எண்ணும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் 50603 அப்படிப்பட்டதே.

ஆனால், இந்த எண் மாநில எல்லையை அப்படியே பின்பற்றுவதில்லை. பகாங்கின் எண்கள் 25 முதல் 28 வரை. கேமரன் மலை பகாங்கில்தான் இருக்கிறது. இருந்தும் தானா ராத்தாவின் எண் 39000. பிரேசர் மலைக்கு 49000, கெந்திங் மலைக்கு 69000. இவையும் பகாங் மண்ணே! கேமரன் மலைக்குப் பழைய சாலை பேராக்கின் தாப்பாவிலிருந்து ஏறுகிறது. கெந்திங்கிற்குக் கோலாலம்பூரிலிருந்து போகிறோம். நிலம் எந்த மாநிலத்துடையது என்பது அஞ்சல்காரருக்கு இரண்டாம் பட்சம். எந்த வழியாகக் கடிதம் போய்ச் சேரும் என்பதே அவருக்கு முக்கியம்.

இங்கேதான் தோட்டத்துப் பிள்ளையான எனக்கு ஒரு சிந்தனை எழுகிறது. தெலுக் இந்தானுக்கு அருகிலுள்ள செம்பனைத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் தோட்டத்திற்கென்று தனிக் குறியீடு இல்லை. பட்டணத்தின் 36000தான் எங்களுக்கும். அந்த எண் கடிதத்தைப் பட்டணம் வரை கொண்டுவரும். அங்கிருந்து தோட்டத்து அலுவலகத்திற்கு அழைத்து வருவது ‘லாடாங்’ என்று தொடங்கும் வரி. அதன்பின் கிராணி பெயரைப் பார்த்து லயத்துக்கு அனுப்பி வைப்பார். என் அக்காவுக்குப் பல்கலைக்கழக அழைப்புக் கடிதம் வந்ததும் அவ்வழியாகத்தான்.

பிறகு நாங்கள் தாமானுக்குக் குடிபெயர்ந்தோம். குறியீடு மாறவில்லை, அதே 36000. தோட்டத்தின் பெயர் மட்டும் எங்கள் முகவரியிலிருந்து போய்விட்டது. நாட்டில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கோலாலம்பூரில் எடின்பர்க் தோட்டத்தின் பெயர் இன்று தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் நிற்கிறது. எண் ஊரைக் காட்டும்; அந்த ஊருக்குள் நாம் வாழ்ந்த இடத்தைக் காட்டாது.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் அவர்களுடைய பழைய முகவரியைக் கேளுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவு, லயம் என எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கடைசி வரியை எந்தப் பட்டியலிலும் தேடிக்கொள்ளலாம். அதற்கு மேலுள்ள வரி பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.