மாம்பலத்தில் இறங்கு, கட்டைப் பையோடு ஏறு

கடைக்கு இடம் பார்க்க வரும் வியாபாரி, சுவரையும் தரையையும் பார்ப்பதற்கு முன்பே கேட்பது, “நடமாட்டம் எப்படி?” என்றுதான். சென்னையில் எந்தக் கடைத்தெரு தழைத்தது, எது ஓய்ந்தது என்று பார்க்கப் போனாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறோம். ரங்கநாதன் தெரு மாம்பலம் ரயில் நிலையத்தின் வாசலில் தொடங்குகிறது. பர்மா பஜாருக்குக் கடற்கரை நிலையம். பழைய மூர் மார்க்கெட்டுக்கு சென்ட்ரல். ரயில் எங்கே ஆளை இறக்கிவிட்டதோ அங்கே கடை முளைத்தது. காரை எங்கே நிறுத்துவது என்று முதலில் யோசித்துவிட்டுக் கடை கட்டும் வழக்கம் மால்களோடு வந்தது.

ரங்கநாதன் தெரு இருக்கும் தியாகராய நகர், அதாவது தி.நகர், ஏரியாகக் கிடந்த நிலத்தில் 1920-களில் உருவான குடியிருப்பு. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. நல்லி பட்டுக்கடை அதற்கும் முன்பே, 1928-ல், வந்துவிட்டது. ரங்கநாதன் தெரு மட்டும் நெடுங்காலம் வீடுகள் நிறைந்த, சாதாரணக் குடும்பங்கள் வாழ்ந்த தெருவாகவே இருந்தது. தினமும் ரயில் பிடிக்க அந்த வழியாகத்தான் போக வேண்டும், திரும்பி வரும்போதும் அதே வழிதான் என்று ஆயிரக்கணக்கான பேருக்கு ஆகிவிட்ட பிறகு, அங்கே திண்ணை வைத்த வீடு எத்தனை நாள் தாங்கும்? முதலில் திண்ணை கடையானது, பிறகு வீடே கடையானது, கடைசியில் கடை மாடி மாடியாக ஏறியது.

நிலையத்திலிருந்து இறங்கியதும் முதலில் எதிர்ப்படுவது பெரிய கடைகள் இல்லை. ஹேர்பின் அட்டை, கைக்குட்டை, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, முழம் போடும் மல்லிகை. நைட்டிக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். நடந்தால் ஐந்து நிமிடத் தூரம்தான்; ஆடித் தள்ளுபடி நேரத்து ஞாயிறு மாலையில் அரை மணி ஆகும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போலீஸ் கண்காணிப்புக் கோபுரம் முளைத்துவிடும். நகையையும் குழந்தையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒலிபெருக்கி விடாமல் பேசும்.

எனக்கு இந்தத் தெருவில் பிடித்த இடம் பாத்திரக் கடை. துணி எங்கேயும் கிடைக்கும். எவர்சில்வர் தூக்கையும் சம்படத்தையும் இத்தனை அளவில் அடுக்கி வைத்து, எடை போட்டு விலை சொல்லும் இடம் வேறு எங்கே இருக்கிறது? வாங்கி முடித்ததும் “பேர் வெட்டணுமா?” என்பார்கள். ஓரமாக உட்கார்ந்திருப்பவர் பாத்திரத்தை மடியில் வைத்து, ஒயர் செருகிய சின்னக் கருவியை விளிம்பில் வைப்பார். கிர்ர் என்ற சத்தத்தோடு புள்ளிப் புள்ளியாக எழுத்து விழும். வளைந்த பரப்பில், கோடு போட்டுக்கொள்ளாமல், “அன்பளிப்பு” என்று தொடங்கி மணமக்கள் பெயர், தேதி வரை ஒரே வரியில் கொண்டுவந்து முடித்துவிடுவார். மேலே துருத்திக்கொண்டிருக்கும் பிசிறைத் துணியால் ஒரு தேய் தேய்த்து நீட்டினால் வேலை முடிந்தது. மாலில் கிஃப்ட் ராப்புக்குத் தனி கவுன்ட்டரே உண்டு. ஆனால் அந்தக் காகிதம் அன்றிரவே குப்பைக்குப் போய்விடும். இந்தப் பெயர் பேரன் காலம் வரை பரணில் இருக்கும்.

பாத்திரம் வாங்கினால் பை வேண்டுமே. கட்டைப் பையைப் பற்றிப் பேசாமல் தி.நகரைப் பற்றிப் பேச முடியாது. தடித்த துணி, வாயில் இரண்டு பக்கமும் மரக்குச்சி, கடையின் பெயர் கொட்டை எழுத்தில். பட்டுப்புடவைகளோ, பிரஷர் குக்கரோ, இரண்டும் சேர்ந்தோ, எல்லாவற்றையும் தாங்கும். குச்சி இருப்பதால் கனம் விரலை அறுக்காது. கூட்ட ரயிலில் காலுக்கிடையே நிமிர்ந்து நிற்கும். மாலில் தரும் பளபளப்பான காகிதப் பையைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்; கடையிலிருந்து கார் டிக்கி வரை தாங்கினால் போதும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து எழும்பூர் வரும் பல விரைவு ரயில்கள் மாம்பலத்திலும் நிற்கின்றன. முகூர்த்தப் புடவை எடுக்கக் குடும்பமாகக் காலையில் இறங்கி, பகல் முழுக்கக் கடை ஏறி இறங்கி, இரவு வண்டிக்கு அதே பிளாட்பாரத்தில் கட்டைப் பைகள் சூழ உட்கார்ந்திருப்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தத் தெருவில் நிற்பவர்களைச் சொல்லாமல் விட முடியாது. வசந்தபாலன் 2010-ல் எடுத்த ‘அங்காடித் தெரு’ படம் பார்த்தவர்களுக்கு, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைகளின் கால்கள் மறந்திருக்காது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழகச் சட்டசபை சட்டத்திருத்தம் நிறைவேற்றியது 2021-ல்தான். சட்டம் வந்த பிறகும் பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் காணோம். நெருக்கிக் கட்டிய மாடிகள் தீப்பற்றினால் என்ன ஆகும் என்பதை தி.நகர் உஸ்மான் சாலை 2017 மே 31 அன்று பார்த்தது. அன்று பிடித்த தீயில் சென்னை சில்க்ஸின் ஏழு மாடிக் கட்டடம் சிதைந்து, மிச்சத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. நடமாட்டம் பணம் தரும், பாதுகாப்பைத் தானாகத் தந்துவிடாது.

மால்களை மட்டம் தட்ட எனக்கு விருப்பமில்லை. கழிப்பறை ஒன்று போதும், பெண்கள் மாலுக்குப் போவதற்கு. தி.நகரில் மணிக்கணக்காகப் புடவை தேடிய எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். மாலில் போட்டுப் பார்க்க ட்ரயல் ரூம் உண்டு, பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்கள், மே மாத வெயிலுக்கு ஏ.சி. உண்டு. ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010-ல் திறந்தது; வேளச்சேரி ஃபீனிக்ஸும், விஜயா ஸ்டுடியோ இருந்த மண்ணில் எழுந்த வடபழனி மாலும் 2013-ல். எல்லாவற்றிலும் ஒரே தந்திரம்தான்: சினிமாவும் சாப்பாடும் மேல் மாடியில். பசித்தவர் அத்தனை கடைகளையும் தாண்டித்தான் ஏற வேண்டும், படம் முடிந்தவர் அத்தனையையும் தாண்டித்தான் இறங்க வேண்டும். ரயில் சும்மா கொண்டுவந்து கொடுத்த நடமாட்டத்தை இவர்கள் எஸ்கலேட்டர் வைத்துத் தயாரிக்கிறார்கள்.

அப்படித் தயாரித்த நடமாட்டம் எவ்வளவு சீக்கிரம் வற்றிவிடும் என்பதற்கு அண்ணா சாலையிலேயே சாட்சி இருக்கிறது. பழைய ஸ்பென்சர் கட்டடம் 1980-களில் தீக்கிரையான பிறகு அந்த இடத்தில் எழுந்த ஸ்பென்சர் பிளாசாதான் சென்னைக்கு மாலை அறிமுகப்படுத்தியது. அந்த நாட்களில் கல்லூரியில் படித்தவர்களுக்கு மியூசிக் வேர்ல்டில் ஹெட்ஃபோன் மாட்டி நின்றதும், லேண்ட்மார்க்கில் வாங்காமலே புத்தகம் புரட்டியதும் நினைவிருக்கும். இன்று உள்ளே போனால், ஷட்டர் இறங்கிய கடைகளுக்கு நடுவே காலடிச் சத்தம் கேட்கிறது. கடைகளைத் தனித்தனி ஆட்களுக்கு விற்றுவிட்டதால், எந்த மாடியில் எது இருக்கவேண்டும் என்று முடிவுசெய்ய ஒரே கை இல்லாமல் போயிற்று. புது மால்கள் கடையை விற்பதில்லை, வாடகைக்குத்தான் விடுகின்றன. இந்தப் பாடத்தில் ஒரு முரணும் இருக்கிறது. 2019-ல் எல்.ஐ.சி. மெட்ரோ நிலையம் ஸ்பென்சருக்கு அருகிலேயே வந்தது. ஆள் இறங்குகிறார்கள், உள்ளேதான் வரவில்லை. ரயில் வந்தால் மட்டும் போதாது; இறங்கியவர் நடக்கும் வழியில் கடை இருக்க வேண்டும்.

மூர் மார்க்கெட்டின் கதை தலைகீழ். நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டிய சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக்கிளி, வண்ண மீன் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்ற இடம். மால் என்ற சொல் தெரியாமலே மாலாக இருந்தது. 1985 மே 30 அன்று எரிந்தது. கடைக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அந்த நிலத்தை ரயில்வே எடுத்துக்கொண்டு புறநகர் நிலையம் கட்டியது. நிலையத்தின் பெயரிலேயே மூர் மார்க்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் பழைய கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றும் நிற்கிறது. எதை நம்பி அங்கே கடை வந்ததோ அதுவே கடையை விழுங்கிவிட்டது.

பர்மா பஜாரில் சரக்குதான் மாறியது, இடம் மாறவில்லை. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-ல் ஏற்பட்ட வரிசை. ஃபாரின் சென்ட், டேப் ரெக்கார்டர், பிறகு டிவிடி, இப்போது செல்போன் கவர். சொல்லும் விலையில் பாதியைக் கேட்கும் வழக்கம் மட்டும் அப்படியே. சாயங்காலம் ஆனால் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் வந்துவிடும். பேரம் படியாவிட்டாலும் போன பயணம் வீணாகாது.

பாண்டி பஜாரை 2019-ல் நடைபாதை வளாகமாக மாற்றினார்கள். எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருக்க தி.நகரில் கிடைத்த இடம் அது. சாயங்காலம் அங்கே இருக்கை பிடிப்பதே கடினம். அதற்கு முன்பு, 2013-ல், நடைபாதை வியாபாரிகளை மாடிக் கட்டடம் ஒன்றுக்குள் அனுப்பியிருந்தார்கள். மேல் தளத்துக்கு வாடிக்கையாளர் ஏறுவதில்லை என்பது அவர்களின் குறை. போகிற போக்கில் வாங்கும் ஹேர்கிளிப்புக்காக யார் படி ஏறுவார்கள்?

இதே சந்தேகம் 2023 மே மாதம் ஆகாய நடைபாதை திறந்தபோதும் எழுந்தது. மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர்; ரங்கநாதன் தெருவை மிதிக்காமலே போய்விடலாம். பையும் பிள்ளையுமாக அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. கீழே கூட்டம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. வாங்க வந்தவர் கீழே, வீட்டுக்குப் போகிறவர் மேலே என்று பிரிந்துகொண்டார்கள்.

அடுத்து மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் பனகல் பூங்காவுக்கு அடியில் நிலையம் வருகிறது. பட்டுக்கடைகள் அங்கேயிருந்து கூப்பிடு தூரம். ரங்கநாதன் தெரு கொஞ்சம் தள்ளி. நிலையத்தின் வாசல்கள் எந்தெந்தப் பக்கம் திறக்கின்றன என்பதைப் பொறுத்து, உஸ்மான் சாலையில் சில கடைகளின் வாடகை ஏறும், சிலவற்றின் வாடகை இறங்கும்.