புயல் காலத்திற்கு ஒரு கைவானொலி

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தென்னைகளையும் மின்கம்பங்களையும் ஒருசேரச் சாய்த்தது. மின்சாரம் நின்றதும் செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. அடிபட்டவருக்கு வண்டி கேட்கவும், வாய்க்கால் கரை உடைந்ததைச் சொல்லவும் வழியின்றிப் பல கிராமங்கள் தவித்தன.

கம்பியும் கோபுரமும் இல்லாமல் சேதி அனுப்பும் வழி ஒன்று உண்டு. அது அமெச்சூர் வானொலி. 'ஹாம் ரேடியோ' என்றும் சொல்வர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் அந்தமானிலிருந்து சேதிகளை வெளியே அனுப்பினார்கள். அவர்கள் வைத்திருந்தது தொலைதூரத்திற்கான பெரிய கருவி. பக்கத்து ஊர்களுடன் பேசுவதற்குக் கையடக்கமான மலிவுக் கருவியே போதும். அதை வாங்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவற்றைக் கீழே காணலாம்.

உரிமம் முதலில்

கருவி வாங்குமுன் உரிமம் பெறவேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். வானொலி பற்றிய அடிப்படை அறிவும் சட்டதிட்டங்களும் கேட்கப்படும். 12 வயது நிரம்பியவர் எழுதலாம். பள்ளியில் பௌதிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது கடினமன்று. ஊருக்கு இருவர் தேறினாலும் நன்று.

இந்த வானொலியில் வியாபாரம் பேசக்கூடாது. நெல் விலையும் ஆள் கூலியும் பேச இது உதவாது. வயலுக்கும் வீட்டுக்கும் இடையே பேச விரும்புவோர், 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவைப்படாத 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு கருவிகளை, அரசு அங்கீகாரம் பெற்றவையா என்று பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

எதை வாங்குவது?

மலிவுக் கருவிகளில் பெயர் பெற்றது பாவ்ஃபெங் யுவி-5ஆர். 4 வாட் சக்தி; 7.4 வோல்ட் பாட்டரி. எஃப்.எம். நிலையங்களையும் கேட்கலாம் என்பதால் புயல் அறிவிப்புக்கும் பயன்படும். 8 வாட், 10 வாட் என்று விளம்பரம் செய்யும் கருவிகளைக் கண்டு மயங்க வேண்டாம். பம்பு செட்டில் குதிரைசக்தியைக் கூட்டினாலும் ஃபுட்வால்வு ஒழுகினால் தண்ணீர் ஏறாது. கைவானொலிக்கு ஏரியல்தான் ஃபுட்வால்வு.

ஓர் எச்சரிக்கை. இக்கருவி 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை திரும்பும். நமக்கு அனுமதி உள்ளது 144 முதல் 146 வரையிலும், 434 முதல் 438 வரையிலும் மட்டுமே. மற்ற இடங்களில் போலீசாரும் கப்பல்களும் பேசுவர். அங்கே பொத்தானை அழுத்தினால் அவர்களுடைய அவசரச் சேதி கெடும். சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஏரியலை உயர்த்துங்கள்

இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும். ஆள் உயரத்தில், அதாவது 1.5 மீட்டரில் பிடித்த இரு கருவிகளுக்கு இடையே, தடையில்லாத சமவெளியில் கணக்குப்படி கிடைக்கும் தூரம் சுமார் 10 கிலோமீட்டர். தோப்பும் வீடுகளும் குறுக்கிட்டால் அதில் பாதி கிடைப்பதும் அரிது. ஒருவர் தம் ஏரியலை 9 மீட்டர் உயரத்தில் கட்டினால் இந்தக் கணக்கு 17 கிலோமீட்டராக உயரும். வாட்டைக் கூட்டுவதைவிட ஏரியலை உயர்த்துவது லாபம். இதற்கான கேபிளைத் தேவைக்கு மேல் நீளமாக வாங்கக்கூடாது. நீளம் கூடக்கூடச் சக்தி வீணாகும்.

கருவியுடன் வரும் குட்டை ஏரியலுக்குப் பதிலாக, சுமார் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஏரியலைப் பொருத்தலாம். திருகும் வாய் கருவிக்குக் கருவி மாறுபடும். கருவியைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்து வாங்கவும். செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. 49 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் உறையிட்ட செம்புக் கம்பியின் ஒரு முனையைச் சுரண்டி, ஏரியல் திருகும் இடத்தின் வெளி உலோக வளையத்தில் சுற்றி, மறுமுனையைக் கீழே தொங்கவிடவும். நடு ஊசியில் கம்பி படக்கூடாது. 145 மெகாஹெர்ட்ஸ் அளவில் இது நல்ல பலன் தரும்.

ஏரியல் இல்லாமல் பேச்சுப் பொத்தானை அழுத்தினால் கருவி பழுதாகும். இடி மின்னலின்போது வெளி ஏரியலைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

பாட்டரி

மின்சாரம் இல்லாத நாட்களுக்கான கருவி இது. ஆகவே முதல் துணைப்பொருள் இன்னொரு பாட்டரி. இரண்டாவது, டிராக்டரின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து இயக்க உதவும் எலிமினேட்டர். அந்தந்தக் கருவிக்கென்றே செய்யப்பட்டதாக அது இருக்கவேண்டும். 12 வோல்ட்டை நேரடியாகக் கருவிக்குக் கொடுத்தால் கருவி கெடும். அருகில் உள்ளவருடன் பேச 1 வாட் போதும். பாட்டரி நெடுநேரம் நிற்கும்.

இக்கருவி மழையைத் தாங்காது. பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவைத்து, பையோடு பேசலாம். அழகுக்கான மற்ற உபகரணங்களுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

பழக்கமே பலன்

பெட்டியில் கிடக்கும் கருவி புயலன்று பேசாது. ஐப்பசி மழைக்கு முன் உரிமம் பெற்றோர் வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில் பக்கத்து ஊராருடன் பேசிப் பார்க்க வேண்டும். எந்த வரப்பில் நின்றால் கேட்கிறது, எந்த மாடியில் ஏறினால் தெளிவாகிறது என்று குறித்து வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு, காற்றடிக்கும் இரவில் ஓர் உயிரைக் காக்கலாம்.