தென்னை ஓலையில் வெள்ளைச் சுருள்... மருந்தடிக்கும் முன் ஓலையைத் திருப்பிப் பாருங்க!

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வயலுக்கு ஏரி, வீட்டுக் கொல்லைக்கு இரண்டு மூன்று தென்னை. தோப்பு என்று சொல்லும் அளவுக்கு இருக்காது. ஆனால், சட்னிக்கும் குழம்புக்கும் தேங்காய் வாங்கக் கடைக்குப் போகவேண்டியதில்லை.

அப்படியொரு மரத்தின் கீழே நிற்கும் வாழையின் இலை ஒருநாள் கறுத்துப்போகிறது. யாரோ அடுப்புக்கரியைக் கரைத்து ஊற்றியதுபோல! கறிவேப்பிலைச் செடி, துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு என எங்கும் பிசுபிசுப்பு, அதன்மேல் கறுப்பு. அண்ணாந்து பார்த்தால் தென்னை ஓலையும் அப்படித்தான். ‘மரத்துக்கு நோவு வந்துடுச்சு, இனிமே தேறாது’ என்ற பேச்சு தெருவில் கிளம்பிவிடும்.

நோய் அல்ல, பூச்சி. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று பெயர். மத்திய அமெரிக்கப் பக்கத்து ஈ இது. இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதித் தென்னைகளில் முதலில் தென்பட்டது. பிறகு தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் பரவிவிட்டது. ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, மேலே வெள்ளை மெழுகைப் பூசிவைக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டு, தேன்போன்ற கழிவைச் சொட்டவிடும். அந்தத் தித்திப்பில் வளர்வதுதான் கறுப்பாகத் தெரியும் கரும்பூசணம். அது வெயில் படாமல் ஓலையை மூடிவிடுவதால் மரம் சோர்ந்துபோகிறது, காய்ப்பும் குறையலாம். ஆனால், இந்த ஈ வந்ததால் மட்டும் ஒரு நல்ல தென்னை செத்துவிடுவதில்லை. கோடாரியைத் தேடவேண்டாம்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது, பூச்சிமருந்து. இங்கேதான் சிக்கல். ஓலைக்கு அடியில், மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் குஞ்சுகள்மீது மருந்து சரியாகப் படாது. படக்கூடாத ஒன்றின்மீது பட்டுவிடும். அதுதான் என்கார்சியா என்ற குட்டிக் குளவி. வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தாலே அதிகம், நம்மைக் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிக்கும் புழு, அந்தக் குஞ்சைத் தின்றே வளரும். மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் காவல்காரன். பிறகு வெள்ளை ஈக்குக் கொண்டாட்டம்தான். தென்னைக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனமும் இந்த ஈக்கு ரசாயன மருந்து வேண்டாம் என்றே சொல்கிறது.

குளவி நம் மரத்துக்கு வந்துவிட்டதா? கீழே விழுந்த ஓலை ஒன்றைத் திருப்பிப் போட்டு, பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். அதன்மேல் போன் கேமராவை வைத்தும் பார்க்கலாம். குஞ்சின் கூட்டில் வட்டமாக ஓட்டை தெரிந்தால், அது குளவி வெளியேறிய வழி. ஈ வெளிவந்த கூட்டில் வட்டம் இருக்காது, பிளவுதான் இருக்கும்.

செய்யவேண்டியது எளிது. மோட்டார் குழாயில் தண்ணீரை எட்டும் உயரம்வரை, ஓலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சலாம். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா என்ற கணக்கில் பசைக்கரைசல் காய்ச்சி, ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்து உதிரும்போது கரும்பூசணத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். தோசைக்கல்லில் ஒட்டிய மாவு உரிவதுபோல! கொல்லையில் வாழையோ கல்வாழையோ இருந்தால் வெட்டவேண்டாம், அவற்றில் குளவி பெருகும்.

குளவியை நம்பிக் காத்திருப்பதா என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எதையும் விடவில்லை. மருந்துக்கு மேல் மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற குளவியை வரவழைத்து, வயல்களில் விட்டார்கள். பிறகுதான் அந்தப் பூச்சி அடங்கியது.

தெருவில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் பொறுமையாக இருந்து பயனில்லை. பக்கத்துக் கொல்லையில் மருந்தடித்தால், இந்த மரத்துக் குளவியும் போய்விடும். உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. வைகுண்டப்பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பேசப்படுகின்றன. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் 12 பேர் தோட்ட வாரியத்துக்குப் போனார்கள். ஏரிக்கு 6 பேர்தான்!

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வேளாண் விரிவாக்க மையத்திலோ, தோட்டக்கலை அலுவலகத்திலோ கேளுங்கள். ஓலையை வெட்டி பஸ்ஸில் எடுத்துப் போகவேண்டாம், ஈயும் கூடவே டிக்கெட் இல்லாமல் பயணிக்கும். போனில் எடுத்த போட்டோ போதும்.