தொட்டிக் கடலும் பாசியும்

நான் வாழும் திருப்பூருக்கும் கடலுக்கும் நெடுந்தூரம். பின்னலாடைக்கும் சாயத்திற்கும் பெயர்பெற்ற இவ்வூரில் உப்பு நீர் என்றால், மக்கள் நினைவிற்கு முதலில் வருவது சாயப்பட்டறைக் கழிவுதான். அத்தகைய ஊரில், என் வீட்டுக் கூடத்திலே, ஒரு சிறு கடலை அமைக்க ஆசைப்பட்டேன். அந்தக் கடலில் முளைத்த பாசியைப் பற்றியும், அது எனக்குப் புகட்டிய பாடத்தைப் பற்றியும் சில கூற விழைகின்றேன்.

மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி அது. ஏறத்தாழ 190 லிட்டர் நீர் கொள்ளும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆகவே ஆறரைக் கிலோ அளவிற்குக் கடலுப்புக் கலவையை வாங்கிக் கரைத்தேன். அடியில் மணலைப் பரப்பி, செயற்கைக் கற்களைத் திட்டுப்போல் அடுக்கினேன். உயிருள்ள பவளத்தை ஏன் வைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து அவற்றைப் பெயர்த்தெடுப்பது குற்றம். எல்லா மீன்களுக்கும் அத்தகைய தடை நேரவில்லை. கோமாளி மீன்களைக் கடலில் பிடிக்காமல் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் நாட்டில் உருவாக்கியுள்ளனர். அவ்வாறு வளர்ந்த மீன்கள் மூன்றை வாங்குவதென முடிவு செய்தேன்.

நீரை ஊற்றிய மூன்றாம் வாரத்தில் மணலின்மேல் பழுப்பு நிறப் படலம் ஒன்று படர்ந்தது. அழுக்கு என்று எண்ணித் துடைத்தேன், மறுநாளே மீண்டது. நண்பர் ஒருவரின் நுண்பெருக்கியில் ஒரு துளியை வைத்துப் பார்த்தபோது, செதுக்கிய பளிங்குப் பேழைகளைப் போன்ற நுண்ணுயிர்களைக் கண்டேன். அவை டயாட்டம் எனப்படும் நுண்பாசிகள். அவற்றின் ஓடு மணற்சத்தாகிய சிலிக்காவால் ஆனது. நான் தொட்டியில் நிரப்பியதோ ஆழ்துளைக் கிணற்று நீர். பாறையிடுக்குகளில் ஊறிவரும் அந்நீரில் கரைந்திருந்த சிலிக்காவே அவற்றிற்கு வீடு கட்டப் பொருளாயிற்று.

இங்கே புதிய தொட்டியின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். மீனின் கழிவும், எஞ்சிய உணவும் அழுகும்போது அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. அதனால் கேடு குறைவு. இந்நுண்ணுயிர்களின் தொழிலை 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி ஆராய்ந்து வெளிப்படுத்தினார். பழைய தொட்டியில் இவை கல்லிலும் மணலிலும் குடியேறியிருக்கும். புதிய தொட்டியில் இவை பெருகப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். ஆள் குடிவராத வெற்று மனையில் முதலில் களை முளைப்பதுபோல, புதிய தொட்டியில் முதலில் பாசி முளைக்கிறது. இது நோயன்று, பருவம்.

இதனை அன்று நான் அறியவில்லை. ஆறு வாரம் கழித்து மீன்களை விட்டேன். அவற்றின்மேல் கொண்ட அன்பினால் நாளும் மும்முறை உணவிட்டேன். அழகு பார்ப்பதற்காகப் பன்னிரண்டு மணி நேரம் விளக்கெரித்தேன். இரண்டாம் மாதம் முடியுமுன், கற்கள் யாவும் பச்சை மயிர் போர்த்தனபோல் ஆயின. பொறுமையிழந்து, பாசியைக் கொல்லும் மருந்தொன்றை வாங்கிவந்து, அளவிற்குச் சற்று மிகுதியாகவே ஊற்றினேன்.

பாசி மடிந்தது உண்மை. ஆனால் மடிந்த பாசி எங்கே போகும்? அது தொட்டிக்குள்ளேயே அழுகியது. அழுகல் நீரிலிருந்த உயிர்வளியைக் குடித்து, அமோனியாவைப் பெருக்கியது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் மிதந்தன. எஞ்சிய ஒன்று நீர்ப்பரப்பிற்கு வந்து வாய் திறந்து திணறியது. அதனை வேற்று நீருக்கு மாற்றிக் காப்பாற்றினேன். இரண்டு வாரங்களில் பாசி மீண்டும் தழைத்தது. கணக்கில் ஒரு காசும் குறையாமல், கொன்ற பாசியின் சத்தெல்லாம் புதிய பாசிக்கு உணவாயிற்று!

இக்கணக்கைத் தெளிவாக்கிய சோதனை ஒன்று உண்டு. கனடா நாட்டில், 1973ஆம் ஆண்டில், ஷிண்ட்லர் என்னும் அறிவியலாரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கரிச்சத்தையும் நைட்ரஜன் சத்தையும் இட்டனர். மறுபாதியில் அவ்விரண்டோடு பாஸ்பரஸையும் சேர்த்தனர். பாஸ்பரஸ் பெற்ற பாதி பச்சைக் குழம்பாயிற்று. மற்றது தெளிந்தே நின்றது. வரும் சத்தை நிறுத்தினாலன்றிப் பாசி நிற்காது என்பதை அந்த ஏரி உலகிற்கு உணர்த்தியது.

ஆகவே நானும் கணக்கெழுதத் தொடங்கினேன். முதலில் நீர். திருப்பூரில் ஆர்.ஓ. என்னும் எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரத்தை அறியாதார் இல்லை. அதில் வடித்த நீரையே தொட்டிக்குப் பயன்படுத்தினேன். சிலிக்காவும் பாஸ்பேட்டும் பெருமளவு நீங்கின. அடுத்தது உணவு. ஒருவேளை மட்டும், இரண்டு மணித்துளிகளில் மீன் தின்று தீர்க்கும் அளவே இட்டேன். மூன்றாவது ஒளி. எட்டு மணி நேரத்தோடு விளக்கை அணைத்தேன். சன்னல் வெயிலையும் திரையிட்டு மறைத்தேன். நான்காவது செலவுக் கணக்கு. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். பாசியைக் கையால் பிடுங்கி, துகள் சிதறாமல் வெளியே எறிந்தேன். பிடுங்கி எறிந்த பாசியோடு அது உண்ட சத்தும் வெளியேறுகிறதன்றோ? கொல்வதற்கும் களைவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஐந்தாவதாக, பாசி மேயும் கடல் நத்தைகளை விட்டேன். இது பழைய கலை. 1850ஆம் ஆண்டில் இலண்டனில் வாரிங்டன் என்னும் வேதியியலார், மீனும் நீர்ச்செடியும் இட்ட தொட்டியில் செடி அழுகி நீர் கெடக் கண்டு, நத்தைகளைச் சேர்த்துச் சமநிலை உண்டாக்கினார். மேய்வன இல்லாதபோது நேரும் கேட்டைக் கரீபியக் கடல் காட்டியது. 1983ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு கொள்ளைநோய் கருநிறக் கடல் முள்ளெலிகளை அழித்தது. அளவிற்கு மீறிய மீன்பிடிப்பால் பாசி தின்னும் மீன்களும் முன்னரே அருகியிருந்தன. புயலாலும் நொந்திருந்த ஜமைக்காவின் பவளத் திட்டுகளைப் பாசி மூடிக்கொண்டது.

நம் மன்னார் வளைகுடாவும் ஒரு பாடம் சொல்கிறது. 21 தீவுகளைக் கொண்ட அப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. மண்டபம் கடற்கரையில் வருவாய்க்காகப் பயிரிடப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயற்கடற்பாசி, அருகிலுள்ள குருசடைத் தீவின் உயிர்ப்பவளங்கள்மேல் போர்வைபோல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர் அறிவித்தனர். அதன் சிறு துண்டு எஞ்சினாலும் மீண்டும் தழைக்கும். வந்தபின் களைவது எத்துணை அரிது என்பதற்கு இது சான்று.

ஆயினும் பாசியைப் பகையென்று வெறுக்க வேண்டா. பவளப் பூச்சியின் உடலுக்குள்ளேயே நுண்பாசிகள் குடியிருந்து, கதிரொளியில் உணவு சமைத்து, அதற்கு ஊட்டுகின்றன. கடல் நீர் அளவு மீறிச் சூடேறும்போது அவை நீங்கிவிடுகின்றன. பவளம் வெளுத்து, சூடு நீடித்தால் மாள்கிறது. பாசியின்றிப் பவளத் திட்டில்லை. அளவு மீறிய இடத்தில்தான் கேடு.

இன்று என் தொட்டி தெளிந்திருக்கிறது. கல்லிடுக்கில் சிறிது பசுமை உண்டு. நத்தைகளுக்கு அது உணவு. உயிர் தப்பிய அந்தக் கோமாளி மீன் கற்களுக்கிடையே வளைய வருகிறது. அதனைக் காணும்போதெல்லாம் நொய்யலை நினைக்கின்றேன். அவ்வாற்றின் குறுக்கே பாசனத்திற்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். 1992இல் அது பயன்பாட்டிற்கு வந்தது. ஆனால் சாயக் கழிவின் உப்பு அதில் தேங்கி, வயலுக்கு உதவாத நீராயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஒரு துளிக் கழிவும் வெளியேறாத முறையை மேற்கொண்ட பின்னரே பட்டறைகள் மீண்டும் இயங்கலாயின. ஆற்றில் கலந்தபின் மருந்து தேடுவதைவிட, கலக்குமுன் தடுப்பதே வழி என்பதை எங்கள் ஊர் பெருவிலை கொடுத்துக் கற்றது.

நானும் இரண்டு மீன்களின் உயிரை விலையாகக் கொடுத்தே அதனைக் கற்றேன். மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுத் தொட்டியிலோ ஊர்க் குளத்திலோ நீர் பச்சையாகிவிட்டால், மருந்துப் புட்டியைத் தேடுமுன் ஒரு தாளும் எழுதுகோலும் எடுங்கள். அந்நீரில் நாள்தோறும் சேர்வன எவை, நீங்குவன எவை என்று எழுதிப் பாருங்கள். பாசி ஏன் வந்தது என்பதை அந்தத் தாளே உங்களுக்குச் சொல்லிவிடும்.