கோடை ஏரியில் தனிப் படகு

ஆகஸ்டு நடுவில் சலேத் மாதா திருவிழாவுக்கோ, மே மாத விடுமுறைக்கோ கொடைக்கானல் மலையேறும் நம் பங்குக் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் எல்லாவற்றையும் பார்க்கின்றன. தூண் பாறை, கோக்கர்ஸ் நடைபாதை, பிரையண்ட் பூங்கா, ஏரிக்கரையில் சுட்ட சோளக்கதிர், குழந்தைகளுக்குக் குதிரைச் சவாரி. இவ்வளவும் முடிந்து நேரம் மிஞ்சினால், கடைசியாக மிதிபடகில் அரை மணி. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக என் எண்ணம். முதல் நாள் காலையிலேயே, ஒரு துடுப்புப் படகைப் படகோட்டியுடன் உங்கள் குடும்பத்திற்கென்று தனியே அமர்த்திக்கொள்ளுங்கள். கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஏரி ஒரு படம்போல் தெரியும். அது எப்படி உண்டானது, இன்று எந்நிலையில் இருக்கிறது என்பதை அறிய நீரின்மேல் சற்று நேரம் இருந்தாக வேண்டும்.

தனிப் படகு அமர்த்தி நீர்வழியே ஊரைப் பார்க்கும் வழக்கம் உலகில் பழமையானது. எகிப்து நாட்டில் கெய்ரோ, அஸ்வான் முதலிய நகரங்களில் பெலூக்கா என்னும் பாய்மரப் படகை ஒரு குடும்பத்தார் தங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்து, நைல் நதியின் கரையோரமாய் மாலைப்பொழுதில் உலா வருவதுண்டு. அங்கே இயற்கை ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. ஆகவே போகும்போது பாயை விரித்தால் காற்று கொண்டுபோகும். திரும்பும்போது பாயைச் சுருட்டினால் நீரோட்டமே கொண்டுவந்து சேர்க்கும். எஞ்சினும் எண்ணெயும் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டார் இதை அறிந்திருந்தனர்.

பாய்மரம் நமக்கும் அந்நியமன்று. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றதை நம் கடற்கரைப் பங்குகளில் உள்ள முதியவர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் கோடை ஏரியில் பாய்க்கு வேலையில்லை. நட்சத்திரம்போல் பல கைகளாகப் பிரிந்து மலையிடுக்குகளுக்குள் நுழையும் ஏரி இது. ஒரு கையில் எதிரே அடிக்கும் காற்று, வளைவு திரும்பியதும் பக்கவாட்டில் வரும். அடுத்த வளைவில் காற்றே இராது. நற்செய்தியில் நாம் வாசிக்கும் கெனேசரேத்து ஏரியையும் மலைகளே சூழ்ந்துள்ளன. ஆயினும் அது பரந்து விரிந்தது, சீடர்கள் வலை வீசிப் பிழைக்கப் போதுமானது. கோடை ஏரியின் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர், அதாவது 24 ஹெக்டேர்தான். சுற்றிச் செல்லும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஆகையால் இங்கே துடுப்புதான் பொருத்தம். அதிலும் வழி தெரிந்த ஒருவர் கையிலுள்ள துடுப்பு.

இந்த ஏரியை இயற்கை தந்த ஏரி என்று எண்ணிக்கொண்டு திரும்புவோர் பலர். அஃது உண்மையன்று. 1863-ஆம் ஆண்டில், மதுரை கலெக்டராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ்சு துரை, சதுப்பாய்க் கிடந்த ஒரு பள்ளத்தாக்கில் மூன்று ஓடைகளின் நீரை அணைகட்டித் தேக்கினார். செலவில் பெரும்பகுதியைத் தம் கையிலிருந்தே போட்டார் என்பர். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்னர், 1845-இல், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் குழந்தைகளைப் பறிகொடுத்த துயரத்தில், இம்மலைமேல் முதல் இரு வீடுகளைக் கட்டியிருந்தனர். சேசு சபையின் தந்தை செயிண்ட் சிர் சலேத் மாதாவுக்கு இங்கே ஆலயம் எழுப்பியதும் அதே 1860-களில்தான். ஆகவே அவ்வாலயமும் இந்த ஏரியும் ஏறத்தாழ ஒரே வயதின.

லெவிஞ்சு துரை ஏரியில் மிதக்கவிட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்பது கோடையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் துரையைவிட்டு வேறிடம் போய்விடும். சக்கரங்கள் ஓடும் மலைச்சாலை இம்மலைக்கு வந்தது 1910-களில்தான். அதுவரையில் வெள்ளைக்காரர்களும் அவர்தம் மனைவி மக்களும் பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலும், மனிதர் தோளில் சுமந்த நாற்காலியிலும் ஏறி வந்தனர். பியானோவும், இரும்பு அடுப்பும், சன்னல் கண்ணாடியும் தோள்மேல் ஏறித்தான் வந்தன. அப்படியானால் 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திற்கு அந்தப் படகும் தோள்களின்மேல்தான் வந்திருக்க வேண்டும். ஒற்றையடிப் பாதையில், அட்டைக் கடியில், நீளமான ஒரு மரப்படகை வளைவுக்கு வளைவு திருப்பித் திருப்பித் தூக்கி வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். துரையின் பெயர் நிலைத்துவிட்டது. சுமந்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

கடலோர மக்களின் கைவேலை மலையுச்சியில் மிதந்தது. அதில் ஏறி மகிழும் பாக்கியம் மட்டும் வெகுகாலம் ஒரு சிலருக்கே இருந்தது. 1890-இல் இங்குள்ள படகுக் குழாம் தோன்றியது. சுற்றுலா வரும் பொதுமக்கள் அதன் படகுகளில் ஏறக் கதவு திறந்தது 1932-இல்! இன்று கரூரிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வரும் ஒரு பள்ளி ஆசிரியர் தம் பிள்ளைகளுடன் கட்டணம் செலுத்திப் படகில் ஏறுகிறார் என்றால், அதற்கு முன்னே நாற்பது ஆண்டுக் காத்திருப்பு உண்டு.

இனிச் சவாரிக்கு வருவோம். படகுக் குழாமும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் ஏரியில் படகு விடுகின்றன. மிதிபடகு, துடுப்புப் படகு, காஷ்மீரத்துத் தால் ஏரியைப் பார்த்துச் செய்த கூரையிட்ட சிகாரா என வகைகள் உண்டு. இளைஞர்கள் மிதிபடகை நாடுவது இயல்பே. ஆனால் குடும்பமாய் வருவோருக்கு அது ஏற்றதன்று. பத்து நிமிடத்தில் தந்தைக்கு முழங்கால் வலிக்கும். தாய்க்குக் குழந்தையைப் பிடிப்பதா மிதிப்பதா என்ற குழப்பம். காற்று சற்றுப் பலமானால் படகு பாசிப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடும். கடிகாரத்தைப் பார்த்து அவசரமாய்த் திரும்புவார்கள். எதைப் பார்த்தோம் என்று கேட்டால் ஒருவருக்கும் விடை தெரியாது.

துடுப்புப் படகிலோ படகோட்டி நம்மை நோக்கி, போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்கிறார். அவர் பார்ப்பது கடந்து வந்த வழி. நாம் பார்ப்பது வரப்போகும் வழி. இப்படி எதிரெதிரே அமர்ந்திருப்பதால் பேச்சுத் தானே பிறக்கும். ஒருமுறை எங்கள் பங்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்துடன் நானும் ஏறினேன். அறுபதைக் கடந்த படகோட்டி ஏறுமுன்னரே எங்களை வரிசைப்படுத்தினார். "சாமி, நீங்க பின்னால உட்காருங்க. அம்மா, பிள்ளைங்களை நடுவுல வச்சுக்குங்க. யாரும் எந்திரிக்கக் கூடாது, குரங்கைக் கண்டாலும் சரி, குதிரையைக் கண்டாலும் சரி" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், எழுந்திருக்கவில்லை. கரையின் கூச்சல் நூறு கெஜம் போனதும் குறைந்துவிட்டது. முதல் வளைவு திரும்பியபின் துடுப்பிலிருந்து சொட்டும் நீரின் ஓசை கேட்டது. ஏரியின் ஒவ்வொரு கையும் முன்னொரு காலத்தில் பள்ளத்தாக்கின் ஓர் இடுக்காய் இருந்தது என்பதை அப்போது கண்ணாலேயே காணலாம். இருபுறச் சரிவும் நீருக்குள் அப்படியே இறங்கிச் செல்லும். நீர் கருத்துத் தெரியும் இடம் ஆழம். புல் தலைகாட்டும் இடம் சேறு. சராசரி ஆழம் 3 மீட்டர்தான். ஆனால் மிக ஆழமான இடத்தில் ஏறத்தாழ 11 மீட்டர், அதாவது 35 அடிக்கு மேல்.

இந்த ஆழத்தைப் பெற்றோர் மறக்கலாகாது. உயிர்காப்பு அங்கியை அணியச் சொன்னால், புகைப்படத்தில் புடவை மறைந்துவிடும் என்று முகம் சுளிக்கிற தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுவேன். 2009 செப்டம்பர் 30 அன்று, நம் தேனி மாவட்டத்தை அடுத்துள்ள தேக்கடியில், சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாய்த் திரண்டனர். படகின் அமைப்பும் சரியாயில்லை. அங்கி அணிந்தவர் இல்லை எனலாம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மாலை மயங்கியபின் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர்; அவர்களில் குழந்தைகள் பலர். அவர்களும் நம்மைப்போல் விடுமுறை நாளில் மகிழ்வதற்கு வந்த குடும்பங்களே. கோடை ஏரியின் நீர் குளிர்ந்தது. நீந்தத் தெரிந்தவருக்கும் அத்தகைய நீரில் கைகால் விரைவில் மரத்துப்போகும். ஆகவே அங்கி எல்லாருக்கும் உண்டா, பிள்ளைகளின் உடலுக்கு ஏற்ற அளவில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள். "இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்று யார் சொன்னாலும் இணங்காதீர்கள். தனிப் படகு அமர்த்துவதன் பெரிய பயனே இதுதான்: எத்தனை பேர் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

பணம் பற்றிக் குடும்பத் தலைவர்கள் கவலைப்படுவது நியாயமே. கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதிப் பயனில்லை. படகோட்டியின் கூலி அதில் அடங்குமா, நேரம் எவ்வளவு என்பதை ஏறுமுன் கேட்டுவிடுங்கள். இறங்கியபின் வாதாடுவது இரு தரப்பாருக்கும் வருத்தம். முற்பகலே நல்லது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் எதிர்க்கரை மறைந்துவிடும். மேலும், 2024 மே 7 முதல் வண்டியில் வருவோர் முன்னதாக இ-பாஸ் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. புறப்படுமுன் அன்றைய விதியை விசாரித்துக்கொள்வது நலம். வண்டிகளின் நெருக்கடியால் மலை மூச்சுத் திணறியதன் விளைவு அவ்வாணை. அதைத் தொல்லை என்று சலித்துக்கொள்வோர்க்கு மே மாதத்து ஞாயிறன்று ஏரிச் சாலையில் நடந்து பார்க்கும்படி சொல்வேன்.

நீரின் நிலையைப் பற்றியும் சொல்லாமல் விட இயலாது. ஏரியைச் சுற்றி விடுதிகளும் வீடுகளும் பெருகியதால் கழிவுநீர் கலந்தது. அதனால் பாசியும் நீர்ச்செடியும் கொழுத்து வளர்ந்தன. அவற்றை அகற்றும் வேலை முடிவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கேடு மற்றொன்று. 1983 முதல் 2001 வரை இவ்வூரில் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று நடந்தது. பின்னாளில் அது ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதிலிருந்து வெளியேறிய பாதரசம் மண்ணிலும் காற்றிலும் பரவியது. ஏரியின் நீரிலும், அடியிலுள்ள வண்டலிலும், மீன்களிலும் பாதரசம் இருப்பதை ஐதராபாத்தைச் சேர்ந்த அறிவியலார் 2006-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. தொழிற்சாலையில் உழைத்து உடல்நலம் குன்றியதாய் முறையிட்ட 591 தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் 2016-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. அவர்களில் பலர் நம் ஆலயங்களின் பெஞ்சுகளில் அமர்ந்து பூசை கண்டவர்கள். மேலே மிதக்கும் நெகிழிப் புட்டியை வலை போட்டு எடுத்துவிடலாம். வண்டலில் இறங்கிய பாதரசத்தை எடுப்பது அவ்வாறு எளிதன்று.

இதற்காகப் படகில் ஏற அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளைகள் நீரில் கை நனைத்தால் கரை ஏறியதும் கழுவச் சொல்லுங்கள். தின்பண்ட உறைகளைப் பைக்குள் வைத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். முடிந்தால் அணைக்கரைப் பக்கம் படகைச் செலுத்தச் சொல்லிப் பாருங்கள். மழைக்காலமாயின் மிகுந்த நீர் அவ்வழியே வெளியேறி மலைச்சரிவில் இறங்கும். நகரிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில், மலைச்சாலையோரத்தில், 180 அடி உயரத்திலிருந்து விழும் வெள்ளியருவி அந்த நீரே. ஊர் திரும்பும் வண்டிகளெல்லாம் அங்கே ஒருமுறை நிற்பது வழக்கம். எல்லாரும் இறங்கி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பாறையில் தெறித்து வெண்மையாய் விழுவதால் சுத்தமான நீர் என்று எண்ணிப் பிள்ளைகள் கையில் ஏந்திக் குடிக்கப் பார்ப்பார்கள். அவர்களைத் தடுத்து, வண்டியில் இருக்கும் கொதித்து ஆறிய நீரைக் கொடுங்கள்.