வெளிப்புறக் கம்பியில்லா அணுகுபுள்ளி

வெளிப்புறக் கம்பியில்லா அணுகுபுள்ளி என்பது, திறந்த வெளியில் நிறுவப்பட்டு, மடிக்கணினி, செல்லிடத் தொலைபேசி போன்ற கருவிகளை வை-ஃபை மூலம் கணினி வலையமைப்புடன் இணைக்கும் கருவியாகும். கல்லூரி வளாகங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், பூங்காக்கள் போன்ற இடங்களில் இவை கம்பங்களிலும் மொட்டை மாடிகளிலும் பொருத்தப்படுகின்றன. வானொலிப் பகுதியைப் பொறுத்தவரை இவற்றுக்கும் உட்புற அணுகுபுள்ளிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மழை, வெயில், மின்னல், சீரற்ற மின்சாரம் ஆகியவற்றைத் தாங்கி நிற்பதே இவற்றின் தனித்தன்மையாகும். கருவியின் ஆயுளும் பெரும்பாலும் இவற்றாலேயே முடிவாகின்றது.

இணைப்புக் கணக்கு

நிறுவுவதற்கு முன்னர், அலைகள் எவ்வளவு வலுவுடன் சென்றடையும் என்பது கணக்கிடப்படுகின்றது. இதற்கு டெசிபெல் அளவை பயன்படுகின்றது. 2.4 கிகாஹெர்ட்சு அலைகள் தடையற்ற வெளியில் 500 மீட்டர் செல்லும்பொழுது ஏறத்தாழ 94 டெசிபெல் இழப்பு ஏற்படும். தொலைவு இரட்டிப்பானால் இழப்பு மேலும் 6 டெசிபெல் கூடும்.

எடுத்துக்காட்டாக, அணுகுபுள்ளியின் திறன் 20 டெசிபெல்-மில்லிவாட் (100 மில்லிவாட்), அதன் அலைவாங்கியின் பெருக்கம் 8 டெசிபெல், தொலைபேசியின் திறன் 15 டெசிபெல்-மில்லிவாட், அதன் அலைவாங்கியின் பெருக்கம் சுழி எனக் கொள்வோம்.

- தொலைபேசி பெறுவது: 20 + 8 − 94 = −66
- அணுகுபுள்ளி பெறுவது: 15 + 8 − 94 = −71

வை-ஃபை இருவழித் தொடர்பு ஆகையால், வலுக்குறைந்த வழியே இணைப்பின் எல்லையை முடிவுசெய்கின்றது. அணுகுபுள்ளியின் திறனை 26 ஆகக் கூட்டினால் தொலைபேசியின் திரையில் குறிகைப் பட்டைகள் கூடும். ஆனால் தொலைபேசியின் மறுமொழி அதே −71 அளவிலேயே வந்துசேரும். மாறாக, 12 டெசிபெல் பெருக்கமுள்ள அலைவாங்கியைப் பொருத்தினால் இரு வழிகளிலும் 4 டெசிபெல் கூடுகின்றது. எனவே திறனைக் கூட்டுவதைவிடத் தகுந்த அலைவாங்கியைத் தேர்வதே பயனுள்ளதாகும்.

இடமும் அலைவாங்கியும்

அனைத்துத் திசை அலைவாங்கி சுற்றிலும் சமமாகப் பரப்பும். இதன் பெருக்கம் கூடக்கூட அலைகள் கிடைமட்டமாகத் தட்டையாகிவிடும். இதனால் உயரமான கோபுரத்தில் பொருத்தினால் அதன் அடியில் நிற்பவருக்கு இணைப்பு கிடைக்காமல் போகலாம். ஒரு பக்கம் மட்டுமே பயனர் உள்ள இடங்களில் 90 அல்லது 120 பாகை பரப்பும் பகுதித்திசை அலைவாங்கி, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தப்படுகின்றது.

இலைகளில் உள்ள நீர் அலைகளை உறிஞ்சுவதால், கோடையில் இலையுதிர்ந்த நிலையில் சோதித்த இணைப்பு, மரம் தழைத்தபின் நலிவடையலாம். 5 கிகாஹெர்ட்சு அலைகள் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன.

மின்வழங்கலும் கம்பியும்

பெரும்பாலான கருவிகள் ஈதர்நெட் கம்பி வழியாகவே மின்சாரத்தைப் பெறுகின்றன. 2003 இல் வெளியான 802.3ஏஎஃப் சீர்தரம் மூலத்தில் 15.4 வாட்டும், 2009 இல் வெளியான 802.3ஏடி சீர்தரம் 30 வாட்டும் வழங்குகின்றன. இச்சீர்தரங்களில் மறுமுனையை அறிந்துகொண்ட பின்னரே மின்சாரம் செலுத்தப்படும். சில கருவிகளுடன் வரும் எளிய மின்செலுத்திகள் அவ்வாறு சோதிப்பதில்லை. அவற்றை வேறு கருவியுடன் மாற்றி இணைத்தால் அக்கருவி பழுதடையலாம். கம்பியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது.

சாதாரண உட்புறக் கம்பியின் உறை வெயிலில் வெடித்துவிடும். வெடிப்பில் புகும் மழைநீர் கம்பியின் உள்ளேயே ஊர்ந்து கட்டடத்தினுள் உள்ள மின்செலுத்தி வரை செல்லக்கூடும். எனவே புற ஊதாக் கதிரைத் தாங்கும் வெளிப்புறக் கம்பியே பயன்படுத்தப்பட வேண்டும். கம்பி நுழையும் துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும். நுழையுமுன் கம்பியை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், வழிந்துவரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

மின்னல் காப்பு

நேரடியாக மின்னல் தாக்கினால் எக்கருவியும் தப்பாது. அருகில் விழும் மின்னலால் கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தத்திலிருந்தே கருவியைக் காக்க இயலும். இதற்குக் கம்பியின் இரு முனைகளிலும் மின்னெழுச்சிக் காப்புக் கருவிகள் பொருத்தப்படுகின்றன. கம்பமும் இக்கருவிகளும் கட்டடத்தின் பொது நிலத்தொடுப்புடன் பிணைக்கப்பட வேண்டும். பிணைக்கப்படாத தனி நிலத்தொடுப்பு இருந்தால், மின்னலின்போது இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு கருவியின் வழியாகவே பாயும்.

அமைவடிவம்

கம்பத்தில் ஏற்றுவதற்கு முன் தரையிலேயே அமைவடிவத்தை முடித்துச் சோதிப்பது நல்லது.

- நிலைபொருளைப் புதுப்பித்து, உற்பத்தியாளரின் கடவுச்சொல்லை மாற்றுதல்.
- நாட்டைச் சரியாகத் தெரிவுசெய்தல். அலைத்தடங்களும் திறன் வரம்பும் இதைப் பொறுத்தவை.
- 2.4 கிகாஹெர்ட்சில் 20 மெகாஹெர்ட்சு அகலத்தில் ஒன்றையொன்று குறுக்கிடாத 1, 6, 11 ஆகிய தடங்களில் ஒன்றைத் தேர்தல்.
- டபிள்யூபிஏ2 அல்லது 2018 இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 மறையாக்கத்தைப் பயன்படுத்துதல். பழைய டபிள்யூஇபி முறையை எளிதில் உடைக்கலாம் என்பது 2001 இலேயே நிறுவப்பட்டது.
- பொதுப் பயனர் ஒருவர் மற்றவரின் கருவியை அணுகாதவாறு பிரித்தல்.
- அமைவடிவத்தின் படியொன்றைச் சேமித்து வைத்தல்.

5 கிகாஹெர்ட்சின் சில தடங்கள் ராடார்களுக்கும் உரியவை. இத்தடங்களில் கருவி குறைந்தது 60 விநாடிகள் ராடார் உள்ளதா எனக் கேட்டபின்னரே பரப்பத் தொடங்கும். இதைக் கருவியின் பழுது எனக் கருதக்கூடாது.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் 2005 சனவரியில் 2.4 கிகாஹெர்ட்சுப் பட்டைக்கு உரிமம் விலக்கப்பட்டது. அலைவாங்கியின் பெருக்கத்தையும் சேர்த்த கதிர்வீச்சுத் திறன் 4 வாட், அதாவது 36 டெசிபெல்-மில்லிவாட் வரை இருக்கலாம். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்சின் பெரும்பகுதி வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் திறக்கப்பட்டது.

தேனி அனுபவம்

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து, சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களை நெடுந்தொலைவு வை-ஃபை மூலம் மருத்துவமனையுடன் இணைத்தனர். நோயாளிகள் நகரத்துக்குச் செல்லாமலே காணொளி வழியாக மருத்துவருடன் பேசினர். இவை அணுகுபுள்ளிகள் அல்ல. இரு முனைகளை இணைக்கும் கருவிகள். எனினும் வெளிப்புறச் சிக்கல்கள் இரண்டுக்கும் பொதுவானவை. இணைப்பு அறுந்தால் அன்று மையத்துக்கு வந்தவர் மருத்துவரைக் காணாமலே திரும்ப நேரிடும்.

இவ்வலையமைப்பையும் இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலா வலையமைப்பையும் பற்றி 2008 இல் வெளியான ஆய்வுக்கட்டுரை, உறுப்புகள் பழுதாவதற்குத் தரமற்ற மின்சாரத்தையும், பழுதைக் கண்டறிவதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு உள்ளூரில் பயிற்சி பெற்றோர் இல்லாமையையும் காரணங்களாகக் காட்டியது. எனவே மின்னழுத்தச் சீராக்கி, மின்கலக் காப்பு ஆகியவற்றைப் பொருத்துவதும், எந்தக் கம்பி எங்கே செல்கின்றது என்பதை உள்ளூர் மொழியில் எழுதி ஒட்டுவதும், உள்ளூரில் ஒருவரையேனும் பயிற்றுவிப்பதும் நிறுவுதலின் பகுதிகளாகவே கொள்ளத்தக்கவை.