காருக்குப் பெயின்ற் அடிப்பவர்களே, சுவாசப்பை கவனம்!



குளிர்காலம் முடிந்து வீதிக்கு உப்புப் போடுவது நின்றதும் எமது வீடுகளில் ஒரு வேலை தொடங்கிவிடும். கார்க் கதவின் அடியில் துரு தெரியும். தரிப்பிடத்தில் யாரோ உரசிவிட்டுப் போன கீறலும் கண்ணில் படும். கராஜில் விலை கேட்டால் தலை சுற்றும். கடையில் ஸ்பிறே ரின் மலிவாகக் கிடைக்கும். அகதிகளாக வந்த காலத்தில் பழைய கார் வாங்கி, நாமே திருத்தி ஓடியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆகவே இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. எப்படிச் செய்தால் சுகத்தோடு இருக்கலாம் என்பதையே இம்முறை பார்ப்போம்.

இரவில் வந்த இருமல்

எம்மிடம் வந்த ஒருவரின் கதை இது. அவருடைய சம்மதத்துடன், ஆளை அடையாளம் தெரியாதபடி எழுதுகின்றோம். வயது நாற்பதுக்கு மேல், புகைப்பழக்கம் இல்லை. இரவிரவாக இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சில் விசில் சத்தம்.

"தம்பி, நேற்று என்ன வேலை செய்தனீர்?" என்று கேட்டோம்.

"கராஜுக்குள்ள காருக்குப் பெயின்ற் அடிச்சனான், டொக்ரர். மழை எண்டபடியால் கதவைச் சாத்திப்போட்டுத்தான் அடிச்சனான். கொரோனா மாஸ்க் போட்டனான்."

ஆஹென் மழையைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கதவைத் திறந்தால் ஈரமும் தூசியும் ஈரப் பெயின்றில் ஒட்டும், மூடினால் புகை முழுவதும் உள்ளே நிற்கும். முந்திய கோடையில் இரண்டு நண்பர்களின் கார்களுக்கும் இதே வகை ரின்னால் அடித்திருந்தார். அப்போது ஒன்றும் செய்யவில்லை. இம்முறை உடம்பு தாங்கவில்லை.

ரின்னுக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண ஸ்பிறேயில் அசற்றோன், சைலீன் போன்ற கரைப்பான்களும், புரோப்பேன், பியூட்டேன் போன்ற எரியும் வாயுக்களும் உண்டு. இவற்றின் ஆவி காற்றைவிடப் பாரமானது. அதனால் கெல்லரிலும் கராஜ் தரையிலும் தேங்கி நிற்கும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வரலாம். அருகில் சிகரெற் அல்லது காஸ் ஹீற்றர் இருந்தால் தீப்பிடிக்கலாம்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, "2கா" என்று எழுதிய கிளியர் லாக் ரின். அடியில் உள்ள பொத்தானை அமத்தினால் உள்ளே இருக்கும் கடினமாக்கி கலக்கும். அது ஐசோசயனேற் இனத்தைச் சேர்ந்தது. இந்த இரசாயனத்தில் இருந்து பொலியூறெத்தேன் செய்யும் முறையை 1937இல் ஒட்டோ பாயர் என்பவர் கண்டுபிடித்தது எமது மாநிலத்தின் லெவர்கூசனில்தான். 1984இல் இந்தியாவின் போபாலில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்த மீதைல் ஐசோசயனேற்றும் இதே குடும்பம்தான். ரின்னில் இருப்பது அதுவல்ல, வேறு பொருள். ஆனாலும் சுவாசப்பைக்கு நல்லதல்ல.

இதன் குணம் என்னவென்றால், முதல் சில தடவைகளில் ஒன்றும் தெரியாமல் போகலாம். உடம்பு ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பப் போதும். மணமும் பெரிதாக இராது. தொல்லை உடனே வராமல் 4 முதல் 8 மணித்தியாலம் கழித்து, இரவில் வரலாம். அதனால் பலர் அதைத் தடிமன் என்று நினைத்து விடுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஓகஸ்ட் 24 முதல், 0.1 வீதத்துக்கு மேல் டைஐசோசயனேற் உள்ள பொருட்களைத் தொழிலில் பாவிப்பவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வீட்டில் அடிப்பவருக்கு அப்படிப் பயிற்சி கொடுப்பார் யாருமில்லை.

செய்ய வேண்டியவை

1. சிறு கீறலுக்கு ஸ்பிறே வேண்டாம். தூரிகை உள்ள லாக்ஸ்ரிப்ற் போதும்.
2. வாங்கும்போது ரின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள். நெஞ்சில் நட்சத்திரம் உள்ள மனித உருவம், "ஐசோசயனாற்" என்ற சொல், "தொழில்முறைப் பாவனைக்கு மட்டும்" என்ற வரி இருந்தால் திருப்பி வைத்துவிட்டு, 1கா வகையை எடுங்கள். அதன் பளபளப்பும் உறுதியும் சற்றுக் குறைவு. சுவாசப்பைக்கு அது பரவாயில்லை.
3. வெளியில், மழையில்லாத, காற்றுக் குறைந்த நாளில் அடியுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசட்டும்.
4. எப்எப்பி2 மாஸ்க் துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பழுப்பு, வெள்ளைக் கோடுகள் உள்ள ஏ2பி2 வடிகட்டியுடன் அரைமுக மாஸ்க் வாங்குங்கள். தாடி இருந்தால் அது முகத்தில் ஒட்டாது. இது திறந்த வெளிக்கு மேலதிகப் பாதுகாப்பே தவிர, மூடிய கராஜுக்கு அனுமதிச் சீட்டு அல்ல.
5. நைற்றில் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பழைய பெயின்றைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.
6. பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது.
7. ரின்னை 50 பாகைக்கு மேல் சூடாக விடாதீர்கள். கோடையில் காருக்குள் வைக்க வேண்டாம். மிச்சம் உள்ள ரின்னை வீட்டுக் குப்பையில் போடாமல் நச்சுக்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பொன் நகர நச்சுத் தகவல் நிலையம்: 0228 19240. மூச்சுத் திணறினால் காத்திருக்க வேண்டாம், 112. பெயின்ற் அடித்த அன்று இரவோ மறுநாளோ இருமல், நெஞ்சு இறுக்கம் வந்தால், என்ன அடித்தீர்கள் என்பதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். ரின்னின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துச் செல்லுங்கள். கராஜில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சொல்: ஐசோசயனேற் நோய் ஜேர்மனியின் தொழில் நோய்ப் பட்டியலில் 1315ஆம் இலக்கம். வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைக்காதீர்கள், உங்களுக்கு உரிமை உண்டு.

எமது நண்பர் இப்போதும் இரண்டு வேளை பம்ப் இழுக்கின்றார். "அண்டைக்குச் சில நூறு யூரோ மிச்சம் பிடிச்சனான், டொக்ரர்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சிரிப்பு முடிய முதல் இருமல் வந்துவிடும். காரின் கதவை மாற்றலாம், சுவாசப்பையை அப்படி மாற்ற முடியாது.

அடுத்த இதழில் சந்திப்போம். சுகமாக இருங்கள்.